கொழும்பில் நாலு இரவு தங்க: வெள்ளவத்தையா, காலிமுகத்திடலா, நீர்கொழும்பா, கல்கிசையா?

அக்கா குடும்பம் நல்லூர்த் திருவிழாவுக்காகக் கனடாவிலிருந்து வந்திருந்தது. தேரும் தீர்த்தமும் முடிந்த பிறகு, அவர்கள் திரும்பிப் போகும் விமானத்துக்கு முன்னால் கொழும்பில் நாலு இரவு கையில் இருந்தது. அம்மா, அப்பா, அக்கா, அத்தான், என் பெறாமக்கள் இரண்டு பேர், நான், மொத்தம் ஏழு பேர். இடம் பார்க்கிற பொறுப்பு என்னிடம் வந்தது. அம்மாவுக்கு முழங்கால் நோ, படி ஏறக்கூடாது, திருவிழா முடிந்தாலும் வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டா. அப்பாவுக்கு விடிய ஐந்து மணிக்குத் தேத்தண்ணியும் நடக்க ஒரு இடமும் வேண்டும். அக்கா வெள்ளவத்தையில் தைக்கக் கொடுத்த சட்டைகளை எடுக்க வேண்டும். பிள்ளைகள் கடல் கடல் என்று நின்றார்கள். அத்தான் ஒன்றும் கேட்கவில்லை, மூன்று வாரமாக உறவினர் வீடு வீடாக ஏறி இறங்கிய மனிதருக்கு நித்திரை மட்டும் போதும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்கிசையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், பத்துப் பன்னிரண்டு அறை மட்டும் உள்ள ஒரு சின்ன ஹோட்டலில் தங்கினோம். நான் இத்தனை வருடத்தில் கொழும்பில் தங்கிய இடங்களில் எல்லாரும் நிம்மதியாக இருந்தது அங்கேதான். ஆனால் எல்லாருக்கும் அது சரிவராது. யாருக்குச் சரிவராது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் நான் தேடியபோது இதை ஒழுங்காகச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

வெள்ளவத்தையிலிருந்து தொடங்குவோம், நம் ஆட்களுக்குக் கொழும்பு என்றால் முதலில் வெள்ளவத்தைதானே. யாழ்ப்பாணத்து இரவு பஸ் விடிய வந்து இறக்கிவிடுவது அங்கேதான், சேலைக் கடை, நகைக் கடை, தோசைக் கடை, இராமகிருஷ்ண மிஷன் எல்லாம் நடக்கிற தூரம், ஓட்டோக்காரரில் இருந்து மருந்துக் கடைவரை தமிழிலேயே கதைத்து முடிக்கலாம். நாள் வாடகைக்கு எடுக்கும் பிளாட் என்றால் மூன்று அறையும் குசினியும் கிடைக்கும், ஏழு பேருக்குக் கணக்குப் பார்த்தால் இதைவிட மலிவு வேறில்லை. கல்யாணச் சாமான் வாங்க, வைத்தியரைக் காட்ட, விசா அலுவலாக அலைய என்று வருகிறவர்கள் வேறெதையும் யோசிக்க வேண்டாம், வெள்ளவத்தையே எடுங்கள்.

ஆனால் அது ஆறுதலாக இருக்க வருகிற இடம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் அங்கே ஒரு பிளாட்டில் அம்மாவோடு தங்கினேன், நாலாம் மாடி. வந்த மறுநாள் லிஃப்ட் நின்றுவிட்டது. வாடகைக்குத் தந்தவர் தொலைபேசியை எடுக்கவேயில்லை. இரண்டு நாள் அம்மா கீழே இறங்கவில்லை, பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் ஒரு துண்டுக் கடலைப் பார்த்தபடி இருந்தா. அந்தக் கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதோடு, வெள்ளவத்தையில் கடல் இருக்கிறது, கடற்கரை என்று சொல்ல அவ்வளவாக இல்லை. மரைன் டிரைவ், தண்டவாளம், கல், அப்புறம் அலை. பின்னேரம் காற்று வாங்க அருமையான வீதி, ஆனால் பிள்ளைகளை இருத்தி விளையாட விட மணல் கிடையாது.

அப்பாவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவர் 'லொட்ஜ்' என்ற சொல்லைக் கேட்டாலே முகம் மாறுவார். 2007 ஜூன் மாதம், கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களில் முந்நூற்றுக்கு மேற்பட்டவர்களை விடியற்காலையில் எழுப்பி பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள், உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அது நின்றது. எங்கள் வீட்டில் யாருக்கும் அது நடக்கவில்லை. என்றாலும் அந்தத் தலைமுறைக்கு மனதில் பதிந்துவிட்டது, அதை நான் வாதாடி மாற்றப் போகவில்லை.

காலிமுகத்திடல் பக்கம் அத்தானின் யோசனை. 1864-இல் தொடங்கிய பழைய காலிமுக ஹோட்டலும் அதைச் சுற்றி எழும்பி நிற்கும் புதிய பெரிய ஹோட்டல்களும். இடம் அழகு, அதை மறுக்க மாட்டேன். பின்னேரம் பட்டம் ஏற்றுகிற பிள்ளைகள், தள்ளுவண்டியில் இறால் வடை, நகரத்துக்கு நடுவில் அவ்வளவு பெரிய வெளி. ஆனால் ஏழு பேருக்கு மூன்று அறை வேண்டும், மூன்று அறைக்கு நாலு இரவுக் கணக்கைப் பார்த்ததும் அத்தானே யோசனையைக் கைவிட்டுவிட்டார். காசை விட்டாலும், அம்மா அப்படியான இடங்களில் கதிரை நுனியில்தான் இருப்பா. வீட்டுச் சட்டையோடு கீழே இறங்கி வர முடியாத இடத்தில் அவவுக்கு ஓய்வு கிடைக்காது. இரண்டு பேராக, ஒரு இரவுக்கு, ஒரு கல்யாண நாளுக்கு என்றால் போங்கள்.

நீர்கொழும்புதான் கல்கிசைக்குச் சரியான போட்டி. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சுமார் 10 கிலோமீற்றர், விடிய இரண்டு மூன்று மணி விமானம் என்றால் இதற்கு நிகர் இல்லை. லூயிஸ் பிளேஸ் தொடங்கி ஏத்துக்கால, பொருதொட்ட வீதி வரை கடலை ஒட்டியபடி சின்னதும் பெரியதுமாக ஹோட்டல்கள், மணலும் கல்கிசையைவிட அகலம். காலையில் லெல்லம மீன் சந்தை, கரையில் சாக்கு விரித்து மீன் காயப்போடுகிறவர்கள், 1678 என்று செதுக்கிய ஒல்லாந்தர் கோட்டை வாசல், வாய்க்காலில் படகு என்று பார்க்கவும் நிறைய உண்டு. கடற்கரைத் தெருவில் இந்துக் கோயில்களும் இருக்கின்றன.

அப்படியிருந்தும் நாங்கள் அங்கே போகாததற்குக் காரணம் தூரம். அக்காவுக்கு வெள்ளவத்தையில் அலுவல், அப்பாவுக்குக் கொள்ளுப்பிட்டியில் பழைய சிநேகிதர் ஒருவரைப் பார்க்க வேண்டும். 2013-இல் திறந்த அதிவேக வீதி கட்டுநாயக்கவிலிருந்து பேலியகொடைவரை கெதியாகக் கொண்டுவந்து விடும், அதன் பிறகு நகரத்துக்குள் ஊர்கிற நேரம் இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். ஒருக்கால் போய்வர அரை நாள் போய்விடும். கொழும்பில் அலுவலே இல்லை, விமானத்துக்கு முன் ஓரிரு இரவு சும்மா இருக்க வேண்டும் என்றால் நீர்கொழும்பு. அலுவலும் வேண்டும், ஓய்வும் வேண்டும் என்றால் அது தோதுப்படாது.

இனிக் கல்கிசை. கொழும்புக் கோட்டையிலிருந்து தெற்கே சுமார் 12 கிலோமீற்றர், வெள்ளவத்தைக்கு அடுத்து தெகிவளை, தெகிவளைக்கு அடுத்து கல்கிசை. மவுண்ட் லவினியா என்றுதான் பலருக்குத் தெரியும். 1806-இல் ஆளுநர் தோமஸ் மெயிற்லண்ட் இங்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை மேட்டில் ஒரு வீடு கட்டினார், லொவினா என்ற நடனக்காரப் பெண்ணோடு அவருக்கிருந்த காதலால்தான் அந்தப் பெயர் வந்தது என்று கதை சொல்வார்கள். பின்னால் எட்வேட் பார்ன்ஸ் அதைப் பெரிதாக்கினார், ரயில் பாதை வந்த காலத்தில், 1877-இல், அந்த மாளிகை ஹோட்டல் ஆனது. அந்தப் பெரிய வெள்ளை ஹோட்டல்தான் ஊரின் அடையாளம். நாங்கள் தங்கியது அதில் இல்லை, அதைச் சுற்றியுள்ள அமைதியான ஒழுங்கைகளில் உள்ள சின்ன ஹோட்டல் ஒன்றில். அந்த ஒழுங்கைகளைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

காலி வீதியில் நின்றால் 100, 101 பஸ்களின் ஹோன் சத்தத்தில் காது அடைக்கும். ஹோட்டல் வீதிக்குள்ளோ டி சேரம் வீதிக்குள்ளோ திரும்பி இருநூறு அடி நடந்தால் சத்தம் அப்படியே விழுந்துவிடும். பழைய ஓட்டு வீடுகள், மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் மாமரம், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள். ஒழுங்கை முடிகிற இடத்தில் தண்டவாளம், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மணல். எங்கள் ஹோட்டலில் அறைகள் எல்லாம் ஒரு நீள விறாந்தையைப் பார்த்தபடி இருந்தன, கீழ்த்தளத்தில் நாலு அறை. இரும்புக் கிறில், கதவுக் கீல், ஏசியின் வெளிப்பெட்டி எல்லாம் உப்புக் காற்றில் துரு ஏறி, விரலால் தொட்டால் செம்மண் மாதிரி ஒட்டும். ஆனால் கட்டில் விரிப்பு வெயிலில் காய்ந்த மணத்தோடு இருந்தது, குளியலறை பளிச்சென்று இருந்தது. துருவைப் பார்த்துப் பயப்படாதீர்கள், கடலோரத்தில் அது தவிர்க்க முடியாதது. ஈர மணமும் பூஞ்சணமும் இருந்தால்தான் அறையை மாற்றச் சொல்ல வேண்டும்.

அப்பா முதல் நாள் விடிய ஐந்து மணிக்கு விறாந்தையில் வந்து இருந்தார். இரவுக் காவலுக்கு நின்ற பொடியன் ஒன்றும் கேட்காமல் குசினிக்குள் போய்த் தேத்தண்ணியோடு வந்தான், கிளாசில், மேலே ஆவி பறக்க, பக்கத்தில் சின்னப் பீரிசில் ஒரு துண்டுச் சக்கரை. மறுநாள் அப்பா வருவதற்கு முதலே கதிரை வெளியே போட்டிருந்தது. நாலு நாளும் அப்படித்தான். காலைச் சாப்பாடு பத்து மணிக்கு முடியும் என்று எழுதியிருந்தது, அத்தான் பத்தேமுக்காலுக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தபோதும் முட்டையைப் பொரித்துக் கொடுத்தார்கள். நட்சத்திரக் கணக்கில் இதெல்லாம் வராது. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு நீச்சல் குளத்தைவிட இது முக்கியம்.

ரயிலைப் பற்றி இரண்டு விஷயம், ஒன்று நல்லது, ஒன்று கெட்டது. நல்லது: யாழ்ப்பாணம், காங்கேசன்துறை போய்வரும் ரயில்களில் சில கல்கிசையில்தான் தொடங்கி அங்கேயே முடிகின்றன. கோட்டையில் பெட்டி படுக்கையோடு இறங்கி முட்டி மோதத் தேவையில்லை, நாங்கள் ஏறிய இருக்கையில் இருந்தபடியே கல்கிசைவரை வந்து இறங்கினோம், ஸ்டேஷனிலிருந்து ஓட்டோவில் ஐந்து நிமிடம். எந்த ரயில் கல்கிசைவரை வருகிறது என்பதை ரிக்கற் போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், எல்லாம் வருவதில்லை. நாலு நாளும் வெள்ளவத்தைக்கு ரயிலிலேயே போனோம், இடையில் தெகிவளை ஒரே ஸ்டேஷன். வடக்கே போகும்போது இடது பக்க யன்னலில் நில்லுங்கள், அலை தெறிக்கிற தூரத்தில் கடல். பிள்ளைகளுக்கு மிருகக்காட்சிசாலையைவிட இந்தப் பத்து நிமிடம்தான் பிடித்தது. அலுவலக நேரத்தில் மட்டும் ஏறாதீர்கள், வாசலில் தொங்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

கெட்டது: கடல் பார்த்த அறை என்று ஆசைப்பட்டு எடுத்தால் அனேகமாக அது தண்டவாளம் பார்த்த அறையும்தான். ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி நடுங்கும். விடியற்காலையில் தொடங்கிவிடும். மெல்லிய நித்திரைக்காரர் உள்பக்க அறையைக் கேளுங்கள், விலையும் குறையும், கடல் இரண்டு நிமிட நடைதானே. பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: கரைக்குப் போகத் தண்டவாளத்தைக் கடந்தாக வேண்டும், சில இடங்களில் கடவையும் இல்லை, படலையும் இல்லை. அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது. நாங்கள் ஒவ்வொரு முறையும் பிள்ளைகளின் கையைப் பிடித்து, நின்று, இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடந்தோம். தண்டவாளத்தின் மேலே நடந்து போகிறவர்களைப் பார்த்து நீங்களும் நடக்காதீர்கள்.

கடல் குளிப்பைப் பற்றி நேராகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிற நம் ஆட்கள் பள்ளி விடுமுறைக்கு, நல்லூருக்கு என்று ஜூலை, ஆகஸ்டில்தான் வருகிறார்கள். மேற்குக் கரையில் அது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். மே முதல் செப்டெம்பர்வரை அந்தக் கடல் குமுறிக்கொண்டே இருக்கும், நீர்கொழும்பும் அப்படித்தான். நாங்கள் நின்ற நாலு நாளில் பிள்ளைகள் முழங்கால் அளவுக்கு மேல் இறங்கவில்லை, இறங்க விடவில்லை. மணலில் நண்டு துரத்தினார்கள், கோட்டை கட்டினார்கள், அலை வந்து உடைத்ததும் திரும்பக் கட்டினார்கள். நீந்தத்தான் வேண்டும் என்றால் அந்த மாதங்களில் கிழக்கே நிலாவெளிக்கோ பாசிக்குடாவுக்கோ போங்கள், கல்கிசைக்கு டிசம்பரிலிருந்து மார்ச்வரை வாருங்கள். கரையும் வருடத்துக்கு வருடம் ஒரே அளவில் இருப்பதில்லை. 2020-இல் கடலுக்குள்ளிருந்து மணலை இறைத்துக் கொட்டி அகலமாக்கப் பார்த்தார்கள், அதில் ஒரு பகுதியைக் கடல் கெதியில் திருப்பி எடுத்துக்கொண்டது. இணையத்தில் போட்டிருக்கும் படத்தைப் பார்த்து அவ்வளவு மணல் இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம், எப்போது எடுத்த படம் என்று கேளுங்கள்.

சைவச் சாப்பாடு. வெள்ளவத்தையில் இந்தக் கவலையே இல்லை, கல்கிசையில் கொஞ்சம் இருக்கிறது. சின்ன ஹோட்டல் குசினிகளில் சமைப்பவர்கள் பெரும்பாலும் சிங்களவர்கள், மரக்கறி மட்டும் என்று சொன்னால் அன்போடு மரக்கறிதான் தருவார்கள். ஆனால் தேங்காய்ச் சம்பலிலும் சில கறிகளிலும் மாசிக் கருவாடு போடுவது அவர்களுக்கு உப்புப் போடுகிற மாதிரி, அதை மீன் என்ற கணக்கிலேயே எடுப்பதில்லை. முதல் நாள் காலை அம்மா இடியப்பத்தோடு சம்பலை வாயில் வைக்கப் போய், மணத்திலேயே கண்டுபிடித்து வைத்துவிட்டா. சமையல்கார அம்மாவிடம் போய் 'உம்பலகட எப்பா' என்றேன், மாசி வேண்டாம் என்று அர்த்தம். அந்த அம்மா நெஞ்சில் கை வைத்துப் பதறிப்போய், புதுசாகத் தேங்காய் துருவி, அம்மிக்குப் பக்கத்தில் அம்மாவையே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டிச் சம்பல் இடித்துத் தந்தா. அதற்குப் பிறகு இரண்டு பேரும் நல்ல சிநேகம். ஒருவரின் மொழி மற்றவருக்கு முப்பது சொல் தெரிந்தால் பெரிது, என்றாலும் பின்னேரங்களில் விறாந்தைப் படியில் ஒன்றாக இருந்து கீரை ஆய்வதைக் கண்டோம். வெள்ளிக்கிழமை மட்டும் நானும் அக்காவும் வெள்ளவத்தையிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வந்தோம்.

காசு விஷயத்தில் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: சொல்கிற விலையில் சேவைக் கட்டணமும் வரியும் சேர்ந்திருக்கிறதா? சேவைக் கட்டணம் வழக்கமாக 10 வீதம், வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். 20,000 ரூபா என்று சொன்ன அறை, இரண்டும் ஏறினால் 25,960 ரூபா. மூன்று அறை, நாலு இரவு என்று பெருக்கிப் பாருங்கள். நான் தொலைபேசியில் எடுத்து, 'எல்லாம் சேர்த்துக் கடைசி விலை என்ன?' என்று ஒரே கேள்வியாகக் கேட்டேன், பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பவும் சொன்னேன். அதே அழைப்பில் இன்னும் நாலு கேட்டேன்: கீழ்த்தள அறை எத்தனை, கொமட்டுக்குப் பக்கத்தில் பிடிக்க ஏதும் இருக்கிறதா, கரண்ட் நின்றால் ஜெனரேட்டர் உண்டா, அந்த நாட்களில் கல்யாண வைபவமோ டிஜே பார்ட்டியோ பக்கத்தில் நடக்குமா. கடைசிக் கேள்வி முக்கியம். கல்கிசைக் கரையில் வெள்ளி, சனி இரவுகளில் பாட்டுப் போடுகிற இடங்கள் உண்டு, கரைக்கு மிகக் கிட்ட எடுத்தால் நடுச்சாமம்வரை அதைக் கேட்க வேண்டியிருக்கும். இரண்டு ஒழுங்கை உள்ளே தள்ளி எடுத்தால் கேட்காது.

தனி ஆளாக வேலை அலுவலாக வருகிறவர்களுக்குக் கல்கிசை தேவையில்லை, வீண் பயணம். கடைத்தெரு, சினிமா, இரவு வெளிச்சம் என்று விரும்புகிற இளம் பிள்ளைகளுக்கும் இரண்டாம் நாளே அலுக்கும். வயதானவர்களும் குழந்தைகளும் சேர்ந்த குடும்பம், நாலைந்து நாள், பகலில் ஒரு அலுவல் முடித்து மத்தியானம் திரும்பி வந்து சாய்ந்து கிடக்கலாம் என்ற அளவுதான் திட்டம் என்றால் இதுதான் இடம்.

கடைசி இரவுக்கு நீர்கொழும்புக்கு மாறுவோமா என்று அக்கா கேட்டா. நல்ல யோசனைதான், விமானத்துக்குக் கிட்ட. ஆனால் பன்னிரண்டு பெட்டியை ஒருமுறை கட்டி, இறக்கி, அவிழ்த்து, திரும்பக் கட்டுவதை நினைத்து வேண்டாம் என்றோம். விமானம் விடிய நாலு மணிக்கு. கல்கிசையிலிருந்து கட்டுநாயக்க சுமார் 45 கிலோமீற்றர், பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இழுக்கிற பாதை, இரவு பதினொன்றுக்குப் பிறகு ஒன்றேகால் மணித்தியாலத்தில் ஓடிவிட்டது. ஹோட்டல்காரர்களே தெரிந்த ஒருவரின் ஹையேஸ் வானைப் பேசித் தந்தார்கள். அறையைப் பகல் பன்னிரண்டுக்கு விட வேண்டும், இரவுவரை ஏழு பேரும் எங்கே இருப்பது என்பதுதான் என் பெரிய யோசனையாக இருந்தது. ஒரு அறையை மட்டும் அரை நாள் வாடகைக்கு இரவு பதினொருமணிவரை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நீங்களும் புக் பண்ணும்போதே இதைக் கேளுங்கள், போகிற அன்று கேட்டால் அறை இருக்காது. பிள்ளைகள் அந்த அறையில் படுத்தார்கள், நாங்கள் விறாந்தையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம். வான் வந்து நின்றபோது அம்மா தன் பையைத் திறந்து, அக்காவுக்கென்று கொண்டுவந்த பனங்கட்டிக் குட்டான்களில் இரண்டை எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் போனா.